தோப்பு மரத்தைச் சிறு டிராக்டரில் வெளியே கொண்டுவருவது எப்படி?

சவுக்கும் தைலமரமும் இன்று பல மாவட்டங்களில் உழவர்களின் பணப்பயிர்களாகிவிட்டன. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் மணற்பாங்கான நிலங்களில் சவுக்குத் தோப்புகள் பெருகியுள்ளன. மானாவாரிச் செம்மண் நிலங்களில் தைலமரம் நிற்கிறது. காகித ஆலைக் கூழுக்கும், கட்டிடச் சாரத்துக்கும், விறகுக்கும் இம்மரங்கள் விலைபோகின்றன.

நடவு முதல் வெட்டு வரை எல்லாவற்றையும் அக்கறையுடன் செய்யும் உழவர்கள், வெட்டிய மரத்தைத் தோப்பிலிருந்து லாரி நிற்கும் சாலைக்குக் கொண்டுவரும் கடைசி இருநூறு, முந்நூறு கஜ தூரத்தைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை. முன்பு இந்த வேலையை மாட்டு வண்டியும் ஆள் தோளும் செய்தன. இப்போது 20 முதல் 27 குதிரைத்திறன் உள்ள சிறு டிராக்டரும் இரண்டு சக்கர டிரெய்லரும் செய்கின்றன. வேலை சுலபமாகியிருக்கிறது, ஆபத்து கூடியிருக்கிறது. உயிருக்கும், வண்டிக்கும், நிலத்துக்கும் சேதமில்லாமல் இவ்வேலையைச் செய்யும் முறைகளை இங்குக் காண்போம்.

மாடும் டிராக்டரும் ஒன்றல்ல

"ஒரு ஜோடி மாடு இழுத்த மரத்தை டிராக்டர் இழுக்காதா?" என்று உழவர்கள் கேட்பதுண்டு. இழுக்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இழுக்க முடியாத பாரம் வந்தால் மாடு நின்றுவிடும். டிராக்டருக்கு நிற்கத் தெரியாது.

இஞ்சினின் வேலை பின்சக்கரத்தைச் சுழற்றுவது. இழுக்கும் மரம் ஒரு தூரிலோ வரப்பிலோ முட்டிக்கொண்டு பின்சக்கரம் சுழல முடியாமல் போனால், அதே விசை டிராக்டரின் உடலைப் பின் அச்சைச் சுற்றித் திருப்பத் தொடங்குகிறது. முன்சக்கரங்கள் மேலே எழும்புகின்றன. பின்னோக்கிக் கவிழ்வது ஒன்றிரண்டு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. ஓட்டுபவர் கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் வண்டி அவர்மேல் விழுந்துவிடும். மரம் இழுக்கும் வேலையில் உயிரைப் பறிக்கும் விபத்துகளில் முதன்மையானது இதுவே.

எனவே முதல் விதி: சங்கிலியை டிராபார் எனப்படும் இழுவைச் சட்டத்தில் மட்டுமே மாட்ட வேண்டும். இழுக்கும் இடம் பின் அச்சின் மட்டத்துக்குக் கீழே இருத்தல் வேண்டும். பின் அச்சிலோ, டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ, இருக்கைக்குப் பின்னுள்ள எந்தக் கம்பியிலோ சங்கிலியைக் கட்டக்கூடாது. இழுவை உயர உயர முன்சக்கரம் எழும்புவது எளிதாகிவிடும்.

புதிய டிராக்டர்களில் கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம் இருக்கை அருகே பொருத்தப்பட்டிருக்கலாம். அது இருந்தால் இருக்கைப் பட்டையைக் கட்டாயம் அணிய வேண்டும். சட்டம் இல்லாத டிராக்டரில் பட்டை அணியலாகாது.

பாரம் எவ்வளவு என்று தெரியுமா?

நம் பகுதியில் மரத்தை அளப்பது கால் சுற்றளவு முறையில். மரத்தின் நடுச்சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி கிடைக்கும். வியாபாரத்துக்கு இது சரி. ஆனால் இம்முறை மரத்தின் உண்மையான கன அளவில் சுமார் 78 சதத்தைத்தான் காட்டும். அதைக் கொண்டு எடையை மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

சவுக்கு, தைலமரம் போன்றவை பச்சையாக இருக்கும்போது ஏறக்குறைய தண்ணீரின் எடை இருக்கும்; சில வேளை அதற்கும் கூடுதலாகும். ஆகவே கால் சுற்றளவு முறையில் வரும் ஒவ்வொரு கன அடிக்கும் 40 கிலோ என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

எடுத்துக்காட்டாக, நடுச்சுற்றளவு 1 அடியும் நீளம் 20 அடியும் உள்ள ஒரு சவுக்குக் கழி 1¼ கன அடி; எடை சுமார் 50 கிலோ. இப்படி 20 கழி ஏற்றினால் ஒரு டன் ஆகிவிடுகிறது. நடுச்சுற்றளவு 3 அடியும் நீளம் 12 அடியும் உள்ள ஒரே கட்டை 6¾ கன அடி. அதன் எடை சுமார் 270 கிலோ. பார்வைக்கு டிரெய்லர் பாதிகூட நிறையாதபோதே பாரம் நிறைந்திருக்கக்கூடும்.

சமதளத்தில் ஓடும் பாரம் மேட்டில் ஏறுமா?

டிராக்டரின் இழுவைத்திறனை அதன் குதிரைத்திறன் மட்டும் தீர்மானிப்பதில்லை. பின்சக்கரத்தின்மேல் உள்ள எடையும், அடியிலுள்ள மண்ணின் பிடிப்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

ஒரு சிறு டிராக்டரின் எடை 1,000 கிலோ என்றும், அதில் 650 கிலோ பின்சக்கரத்தில் இறங்குகிறது என்றும் கொள்வோம். இறுகிய காய்ந்த மண்ணில் இதில் பாதி, அதாவது சுமார் 325 கிலோ அளவுக்கு இழுக்க முடியும். ஈரமண்ணில் 200 கிலோவே அரிது.

இப்போது 500 கிலோ டிரெய்லரில் ஒரு டன் மரம் ஏற்றுகிறோம். மொத்தம் 1,500 கிலோ. இறுகிய சமதளப் பாதையில் இதை உருட்டிச் செல்ல அதன் எடையில் இருபதில் ஒரு பங்கு, சுமார் 75 கிலோ இழுப்பு போதும். வண்டி விளையாட்டுப்போல் ஓடும். அதே பாதையில் பத்தடி தூரத்துக்கு ஓரடி உயரும் மேடு வந்தால், டிரெய்லருக்கு 150 கிலோவும் டிராக்டர் தன்னையே மேலேற்றிக்கொள்ள 100 கிலோவும் கூடுதலாக வேண்டும். மொத்தம் 325 கிலோ. டிராக்டர் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. அந்த மேட்டில் மண் பொலபொலவென்று இருந்தால் தேவை 400 கிலோவைத் தாண்டும். சக்கரம் வழுக்கும், அல்லது முன்பக்கம் எழும்பும்.

டிரெய்லரின் முன்பாரம் கொக்கியில் இறங்குவதால் பின்சக்கரத்துக்குப் பிடிப்புச் சற்றுக் கூடும் என்பது உண்மையே. ஆனால் அதே பாரம் முன்சக்கரத்தை இலேசாக்கிவிடும். டிராக்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருந்தால்தான் ஸ்டீயரிங் பேச்சுக் கேட்கும். எனவே பாதையில் உள்ள மிகக் கடினமான மேட்டைப் பார்த்துத்தான் பாரத்தை முடிவு செய்தல் வேண்டும்.

கூடுதலாக ஏற்றுவதில் என்ன மிச்சம்?

ஒரு தோப்பில் 40 டன் மரம் என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு ஒரு டன் வீதம் 40 நடை. ஒன்றரை டன் ஏற்றினால் 27 நடை. மிச்சம் 13 நடை. நடைக்கு 20 நிமிடம் என்றால் நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இந்த அரை நாள் மிச்சத்துக்காகத்தான் கிளட்ச் தட்டும், டயரும், ஓட்டுபவரின் உயிரும் பணயம் வைக்கப்படுகின்றன.

தரையோடு இழுக்கும்போது

பருமனான மரங்களைத் தோப்புக்குள்ளிருந்து பாதை வரை இழுத்துவர வேண்டியிருக்கும். அப்போது கவனிக்க வேண்டியவை:

1. கிளைகளை அடிமரத்தோடு ஒட்ட வெட்டிவிட வேண்டும். தூர்ப்பக்கம் முன்னால் வருமாறு கட்டினால், மிஞ்சியிருக்கும் கிளைக்கணுக்கள் மண்ணைக் கிளறாமல் பின்னோக்கிச் சரிந்து வரும்.

2. தூர்ப்பக்கம் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்திருந்தால் மரம் மண்ணில் குத்தாது. கீழ் இணைப்புக் கம்பிகளுக்கு இடையிலுள்ள சட்டத்தில் குட்டையாகக் கட்டி உயர்த்தலாம். ஆனால் கட்டுமிடம் பின் அச்சுக்கு மேல் போகக்கூடாது.

3. நல்ல இரும்புச் சங்கிலியையே பயன்படுத்த வேண்டும். நைலான் கயிறு இழுபட்டு நீண்டு, அறுந்தால் சாட்டைபோல் திருப்பி அடிக்கும். இழுக்கும்போது சங்கிலியின் அருகிலோ, மரத்துக்கும் டிராக்டருக்கும் நடுவிலோ யாரும் நிற்கக்கூடாது.

4. முதல் கியரில், இஞ்சின் வேகத்தைக் குறைத்து, கிளட்சை மெல்ல விட்டுச் சங்கிலியின் தொய்வை நீக்கிய பிறகே இழுக்க வேண்டும். மரம் அசையாவிட்டால் வேகம் கொடுக்கக்கூடாது. வண்டியை நிறுத்தி, தடையை வெட்டி நீக்கியோ, கடப்பாரையால் நெம்பியோ, வேறு கோணத்திலிருந்தோ முயல வேண்டும்.

5. பின்சக்கரம் சகதியில் சிக்கினால் சக்கரத்தோடு கட்டையைச் சேர்த்துக் கட்டி வெளியேற முயல்வது சில இடங்களில் வழக்கம். இது மிகவும் ஆபத்தானது. கட்டை மண்ணில் ஊன்றிக்கொண்டதும் சக்கரம் சுழலாது. வண்டி பின்னோக்கிக் கவிழும். பாரத்தைக் கழற்றிவிட்டு, பின்னோக்கி ஓட்டி வெளியேற வேண்டும். முடியாவிட்டால் வேறொரு வண்டியால் இழுக்கச் செய்ய வேண்டும்.

டிரெய்லரில் ஏற்றுதலும் ஓட்டுதலும்

ஏற்றுமுன் டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். கனமான கட்டைகளை இரண்டு சாய்வுக் கழிகளின்மேல் உருட்டி ஏற்றலாம். அப்போது கட்டைக்குக் கீழ்ப்பக்கம் ஆள் நிற்கக்கூடாது. பக்கக் குத்துக்கால்களின் உயரத்துக்கு மேல் அடுக்கலாகாது. முன்னும் பின்னும் இரண்டு இடங்களில் இறுக்கிக் கட்ட வேண்டும்.

மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்குமாறு அடுக்குவது நல்லது. நீளமான சவுக்குக் கழிகள் பின்னால் அதிகம் நீண்டால் டிரெய்லரின் மூக்கு மேலெழும்பி, டிராக்டரின் பின்சக்கரத்தைத் தூக்கிவிடும். முழுப் பாரமும் முன்னால் இருந்தால் முன்சக்கரம் தூக்கும். இரண்டும் கூடாது.

வரப்பையோ வாய்க்கால் கரையையோ கடக்க நேர்ந்தால் முன்னதாகவே மண்வெட்டியால் சரிவை மென்மையாக்கி, நேராகக் கடக்க வேண்டும். சரிவின் குறுக்கே ஓட்டினால் வண்டி பக்கவாட்டில் கவிழும்.

இறக்கத்தில் ஆபத்து வேறு வகையானது. பெரும்பாலான சிறு டிரெய்லர்களில் பிரேக் கிடையாது. பாரம் டிராக்டரைப் பின்னிருந்து தள்ளும். இறங்குமுன்பே கீழ்க் கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இறக்கத்தில் கிளட்சை மிதிப்பதோ, நியூட்ரலில் விடுவதோ தற்கொலைக்கு ஒப்பாகும். வலது, இடது பிரேக் மிதிகளை ஒன்றாகச் சேர்த்துப் பூட்டியிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கமாகத் திரும்ப, டிரெய்லர் அதை மடக்கிவிடும்.

மட்கார்டில் உட்கார்ந்தோ, மரப் பாரத்தின்மேல் அமர்ந்தோ ஆட்கள் வருவது நம் ஊர்களில் சர்வசாதாரணம். ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தால் மட்கார்டிலிருப்பவர் விழுவது பின்சக்கரத்தின் அடியில்தான். பிள்ளைகளாயினும், வெட்டாட்களாயினும், ஏற்ற மறுத்துவிடுங்கள். சாலையில் செல்லும்போது நீண்டிருக்கும் மரத்தின் நுனியில் பகலில் சிவப்புத் துணியும் இரவில் சிவப்பு விளக்கும் கட்ட வேண்டும்.

நிலத்தையும் காக்க வேண்டும்

ஈரமண்ணில் பாரவண்டி ஓட்டினால் மண் இறுகி, அடுத்த பயிரின் வேரும் மழைநீரும் இறங்க முடியாமல் போகும். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டையாகி உதிராமல் நின்றால் அன்று வண்டியை இறக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மரத்தை வெளியேற்றிவிடத் திட்டமிடுவது நல்லது.

2011-ம் ஆண்டின் தானே புயலிலும், 2018-ம் ஆண்டின் கஜா புயலிலும் சாய்ந்த மரங்களை ஈரநிலத்திலிருந்து அகற்ற வேண்டிய நெருக்கடி பல உழவர்களுக்கு வந்தது. அத்தகைய வேளையில் பத்து நாள் பொறுப்பதால் மரத்தின் எடை சற்றுக் குறையலாம், மரம் வீணாகிவிடாது. அவசரத்தில் வண்டி கவிழ்ந்தால் ஏற்படும் இழப்புக்கு அது ஈடாகாது.

தோப்பு முழுதும் சுற்றாமல் ஒரே பாதையில் ஓட்டுங்கள். மெத்தென்ற இடங்களில் சவுக்கு மிளாரைப் பரப்பி அதன்மேல் ஓட்டலாம். சிறு கழிகளை ஆட்களே பாதைக்குச் சுமந்து வரட்டும். தைலமரத்தில் மறுதாம்பு விடுவதானால் தூர்களின்மேல் சக்கரம் ஏறக்கூடாது. பட்டை நசுங்கிய தூரில் நல்ல துளிர் வராது, டயரும் கிழியும். வேலை முடிந்தபின் மறுதாம்பு இல்லாத நிலத்தில், மண் காய்ந்திருக்கும்போது, பாதை ஓடிய இடத்தை உளிக் கலப்பையால் ஆழ உழுதால் இறுகிய மண் பிளந்து கொடுக்கும்.

புதிதாகத் தோப்பு வைப்போர் நடவின்போதே 10 அடி அகலத்தில் வண்டிப்பாதை விட்டு நடலாம். பாதையால் இழக்கும் சில வரிசைகளை வெட்டுக்கூலியிலும் ஏற்றுக்கூலியிலும் திரும்பப் பெறலாம்.

தேக்கு, ஈட்டி, சந்தனம் போன்ற மரங்களாயின், வெட்டுமுன்பே வனச்சரக அலுவலகத்தில் அனுமதி விபரம் கேட்டறிய வேண்டும். வியாபாரியின் மரத்தை வாடகைக்கு ஏற்றுவோர், தம் வண்டியின் காப்பீடு அதற்குச் செல்லுமா என்பதையும் காப்பீட்டு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்கைந்து ஆண்டு வளர்த்த மரத்தின் பணம் கைக்கு வரும் நாளில், அதைச் சுமந்துவந்த வண்டியும் ஓட்டியவரும் நலமாக வீடு திரும்ப வேண்டும். இழுவையைத் தாழ்வாகக் கட்டுங்கள். மேட்டைப் பார்த்துப் பாரம் ஏற்றுங்கள். ஓட்டுபவரைத் தவிர வேறு எவரையும் ஏற்றாதீர்கள். இம்மூன்றையும் கடைப்பிடித்து உழவர் பெருமக்கள் பயனடைய வேண்டுகிறேன்.