மூங்கில் தோப்பும் மட்சாவும்: ஹொகோகுஜி, காமகுரா

1334இல் எழுந்த ஜென் கோயில் இது. 1923 நிலநடுக்கத்தில் பிரதான மண்டபம் இடிந்தது. இன்று நிற்பது பின்னாளில் கட்டியது. கூட்டம் வருவதென்னவோ மண்டபத்துக்குப் பின்னாலுள்ள தோப்புக்குத்தான். சுமார் 2,000 மோசோ மூங்கில்கள். முளைவிட்ட இரண்டு மூன்று மாதங்களில் மோசோ முழு உயரத்தை எட்டிவிடும். பிறகு நெடுப்பதுமில்லை, பருப்பதுமில்லை.

தோப்புக்குள்ளேயே தேநீர்க் கூடம். தனிக் கட்டணம்தான், ஆனால் தகும். தட்டில் ஒரு கிண்ணம் மட்சா, கூடவே ரகுகான்: மாவும் சர்க்கரையும் மர அச்சில் அழுத்தி எடுத்த சின்ன வில்லைகள். நாவில் வைத்ததும் பொடிந்து கரையும். தேநீரைத் தொடுமுன் இனிப்பைத் தின்றுவிடுங்கள். மட்சாவில் பாலுமில்லை, சர்க்கரையுமில்லை. வாயில் தங்கிய இனிப்புதான் அந்தக் கசப்பைத் தாங்கும். நிழலில் வளர்த்த தேயிலையைக் கல் திருகையில் அரைத்த தூள் அது. வடிகட்டுவதில்லை, இலையையே குடிக்கிறோம்.

கிண்ணத்தின் அழகிய முகப்பை உங்கள் பக்கம் வைத்துத் தருவார்கள். அதில் வாய் படாதபடி சற்றுத் திருப்பிக்கொண்டு குடிப்பது முறை. கடைசி மிடறைச் சத்தத்தோடு உறிஞ்சலாம். அங்கே அது மரியாதைக் குறைவு ஆகாது.