கச்சான் காற்றில் காயும் கண்கள்

கச்சான் கிளம்பினால் திருகோணமலையில் கண் உறுத்தலும் கூடவே வந்துவிடும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, சூடும் வறட்சியுமாய் நம் பக்கம் இறங்குகிறது. கொட்டியாரக் குடாவில் படகோட்டுபவர், துறைமுக வெயிலில் நிற்பவர், கிண்ணியாப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் போய்வருபவர் எல்லோருக்கும் மண் விழுந்ததுபோல் கரகரப்பு, எரிவு. சிலருக்கு நீர் வடியும். உலர்ந்த கண் எரிச்சலில் சுரக்கும் நீர் அது. கண்ணில் தங்காமல் வழிந்துவிடும்.

கண்ணீரின் மேற்பரப்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் உண்டு. இமை விளிம்பிலுள்ள சுரப்பிகள் அடைபட்டால் எண்ணெய் குறையும், கண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். கண் வறட்சி உள்ள பலருக்குக் கோளாறு இங்கேதான். இவர்கள் சொட்டு மருந்தை மட்டும் நம்பினால் போதாது. சுத்தமான துணியைத் தாங்கக்கூடிய சுடுநீரில் பிழிந்து, மூடிய கண்ணில் 5 முதல் 10 நிமிடம் ஒத்தடம் வையுங்கள். துணி ஆறியதும் மறுபடி நனைக்கவேண்டும். பிறகு இமையை விளிம்பை நோக்கி மெதுவாக நீவிவிடுங்கள். சில வாரங்கள் விடாமல் செய்தால்தான் குணம் தெரியும்.

கூடவே செயற்கைக் கண்ணீர். கார்பொக்சிமெதில்செல்லுலோஸ், ஹைப்ரோமெல்லோஸ், சோடியம் ஹயலூரோனேட் எதுவானாலும் சரி. நாளுக்கு 4 தடவைக்கு மேல் விடவேண்டியிருந்தால் பதனப்பொருள் சேராததைக் கேளுங்கள். அந்தப் பதனப்பொருளே கண்ணை அரிக்கும்.

பார்மசியில் 'சிவப்புப் போக' என்று கேட்டு வாங்கும் மருந்து வேண்டவே வேண்டாம். விட்டதும் வெளுக்கும், பிறகு முன்னைவிடச் சிவக்கும். ஸ்டீரொயிட் சொட்டு இன்னும் மோசம்: வைத்தியர் சொல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண்ணழுத்தம் கூடிப் பார்வையே போகலாம். மீனெண்ணெய் மாத்திரைக்கும் காசு செலவழிக்க வேண்டாம். அமெரிக்காவில் நடந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வில் அது ஒலிவ் எண்ணெயைவிட மேலான பலன் தரவில்லை.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால், கண் வைத்தியர் இமைக்குள் ஒரு தாள்துண்டை வைத்துப் பார்ப்பார். 5 நிமிடத்தில் 5 மில்லிமீற்றர்கூட நனையாவிட்டால் நீர்ச் சுரப்பே குறைவு என்று சந்தேகிக்கலாம். அப்போது கண்ணீர் வடியும் துளையைச் சிறு அடைப்பானால் மூடலாம்; சைக்ளோஸ்போரின் சொட்டும் கொடுப்பார்கள், அது வேலைசெய்ய மாதங்கள் ஆகும். வாயும் உலர்ந்து மூட்டும் நோகுதென்றால் அதையும் சொல்லுங்கள், ஷோக்ரன் நோயாக இருக்கலாம்.

கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்கமுடியாமை வந்தால் அது வெறும் வறட்சியல்ல. அன்றைக்கே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.