வண்டலா, படிவா? மண்ணிழப்பு அளவீட்டில் ஒரு கலைச்சொற் சிக்கல்

கருநாடகத்தின் குதிரைமுக இரும்புத்தாதுச் சுரங்கப்பணி, உச்சநீதிமன்றம் 2002-இல் வழங்கிய ஆணையின்படி 2005 இறுதியில் நிறுத்தப்பெற்றது. அங்கிருந்து பத்ரா ஆற்றில் இறங்கிய மண்ணை அளந்த ஆய்வுகளைத் தமிழாக்குவோர் முதலில் ‘செடிமென்ட்’ என்னும் சொல்லிலேயே இடறுவர். இதனை வண்டல் என எழுதுவோர் பலர். ஏரி வண்டலைக் கோடையில் வெட்டி வயலுக்கு இடுவது நம் உழவர் வழக்கு. வண்டல் என்றதும் வளமே நினைவுக்கு வரும். ‘சுரங்கம் ஆற்றுக்கு வண்டலைச் சேர்த்தது’ எனின், கேடு நன்மையாகிவிடுகிறது.

இதனினும் பெரிய பிழை, இருவேறு அளவுகளை ‘மண்ணரிப்பு’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பது. சரிவில் அடித்த கம்பிமுளைகள் எவ்வளவு வெளித்தெரிகின்றன என்பதைக் கொண்டு, இடம்பெயர்ந்த மண் கணிக்கப்படுகிறது. ஆற்றிலோ, நீரை முகந்து வடிகட்டி, எஞ்சியதை உலர்த்தி நிறுத்து, நீரோட்ட அளவால் பெருக்குவர். பெயர்ந்த மண்ணில் ஒரு பகுதி மலையடியிலும் ஓடைவளைவிலும் தங்கிவிடுவதால், இரண்டாம் எண் பெரும்பாலும் சிறியதாகவே அமையும். சொல் ஒன்றாயின், வாசகர் ஓர் ஆய்வைப் பொய்யென்றே கொள்வார்.

எனவே சரிவில் நிகழ்வதை மண்ணரிப்பு எனவும், ஆற்றுவழி வடிநிலத்தைக் கடப்பதை மண்வெளியேற்றம் எனவும், இடையில் தங்குவதைப் படிவு எனவும் வழங்கலாம். நீரில் மிதந்து செல்வதற்கு ‘மிதவைமண்’ என்பது எனக்கே முழுநிறைவு தரவில்லை. மழைநாளில் ஐரோலிப் பாலத்தின்கீழ்க் கடற்கழியைக் காணும் தமிழர் ‘கலங்கல்’ என்றே சொல்வர். ஆயினும் கலங்கல் நீரின் நிலையைச் சுட்டுமேயன்றி மண்ணின் எடையைச் சுட்டாது.