மணி கோர்த்தால் புரோட்டீன்!

புரோட்டாவை வீசி மடிக்கிற மாஸ்டரை வேடிக்கை பார்த்திருப்பீங்க. புரோட்டீன் மடிவதைப் பார்த்திருக்கீங்களா? சான்ஸே இல்லை. உங்க உடம்புக்குள்ள இந்த நிமிஷம்கூட அது நடந்துக்கிட்டுதான் இருக்கு. ஆனா அந்த வேகத்துக்கும் அளவுக்கும் நம்ம கண்ணெல்லாம் எந்த மூலைக்கு?

செல்லுக்குள் புரோட்டீன் பிறக்கும்போது அது வெறும் சங்கிலி. 20 வகை அமினோ அமில மணிகளை வரிசையாகக் கோர்த்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சுருண்டு மடிந்து தனக்கென்று ஓர் உருவத்துக்கு வந்தால்தான் பெரும்பாலும் வேலை நடக்கும். மடிப்பு தப்பினால் வம்பு. அல்சைமர், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் தப்பாக மடிந்த புரோட்டீன்கள் கட்டி கட்டியாகக் கிடக்கின்றன.

சரி, இப்படித்தான் மடியணும்னு சங்கிலிக்கு யார் சொல்லித் தர்றாங்க? அமெரிக்க விஞ்ஞானி கிறிஸ்டியன் அன்ஃபின்சன் ஒரு புரோட்டீனை ரசாயனத்தில் போட்டு உருக்குலைத்தார். பிறகு அந்த ரசாயனத்தை அகற்றினார். அது தானாகவே பழைய உருவத்துக்குத் திரும்பி, பழையபடி வேலையையும் ஆரம்பித்துவிட்டது. உருவத்துக்கான ரகசியம் மணிகளின் வரிசையிலேயே இருக்கிறது! 1972-ல் அவருக்கு நோபல் பரிசு.

அதற்கு முன்பே, 1969-ல், சைரஸ் லெவின்தால் ஒரு கேள்வி கேட்டு எல்லாரையும் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வைத்திருந்தார். அதை நாம இப்படிப் போட்டுப் பார்க்கலாம். 100 மணி உள்ள சங்கிலி. ஒவ்வொரு மணியும் 3 விதமாகத் திரும்பலாம். மொத்தம் எத்தனை உருவம்? 5-க்குப் பின்னால் 47 சைபர்! விநாடிக்கு 10 லட்சம் கோடி உருவம் வீதம் முயற்சி பண்ணினாலும் பிரபஞ்சத்தின் வயசு போதாது. ஆனா நிஜ புரோட்டீன்கள் பல, விநாடிக்கும் குறைவான நேரத்தில் மடிந்துவிடுகின்றன. அப்போ அது எல்லா உருவத்தையும் தேடவே இல்லை. வேற ஏதோ குறுக்கு வழி இருக்கு.

கம்ப்யூட்டரில் அணு அணுவாக ஓட்டிப் பார்த்தால் என்ன? ஓட்டலாம். ஆனா ஒரு விநாடியை 10 கோடி கோடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் எல்லா அணுக்களின் விசையையும் கணக்கிடணும். வெறும் 1 மைக்ரோ விநாடிக்கே 100 கோடி தடவை! 1977-ல் முதன்முதலாக ஒரு புரோட்டீனை இப்படி ஓட்டியபோது, மைக்ரோ விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கைத்தான் தொட முடிந்தது.

இதற்கு இரண்டு வருஷம் முன்பே வேறு ரூட் பிடித்தவர்கள் மைக்கேல் லெவிட்டும் ஆரியே வார்ஷெலும். மாட்டின் கணையத்தில் கிடைக்கும், 58 மணிகள் கொண்ட ஒரு குட்டிப் புரோட்டீனை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஹைட்ரஜனையும் சேர்த்தால் சுமார் 900 அணுக்கள். 'எதுக்கு அத்தனையும்?' என்று ஒவ்வொரு அமினோ அமிலத்தின் பக்கக் கிளையையும் ஒரே உருண்டையாகச் சுருக்கினார்கள். தண்ணீரைத் தனித்தனி மூலக்கூறாகக் காட்டாமல் அதன் விளைவை மட்டும் கணக்கில் சேர்த்தார்கள். விரிந்து கிடந்த சங்கிலி, சில நிபந்தனைகளோடு, நிஜ உருவத்தை ஒட்டி மடிந்தது. 1975-ல் 'நேச்சர்' இதழில் வந்த அந்தக் கட்டுரை பெரிய பரபரப்பு.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ட்விஸ்ட். 1978-ல் ஹேக்லர், ஹானிக் என்ற இருவர், அதே சங்கிலியை கிளைசின், அலனின் என்ற இரண்டே இரண்டு மணிகளால் செய்து ஓட்டினார்கள். நிஜ வரிசையே இல்லை! அதுவும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு மடிந்தது. அப்போ முதல் வெற்றியில் வரிசைக்கு எவ்வளவு பங்கு? விடை சரியாக வந்தாலும், அது எதனால வந்ததுன்னு தோண்டிப் பார்க்கணும். லேப் ரெக்கார்டில் கிராஃப் நேர்கோடாக வந்ததும் மூடி வைக்கிற நமக்கு இது கொஞ்சம் உறைக்கும்! ஆனாலும் சுருக்கிப் பார்க்கும் யோசனை சாகவில்லை. சிக்கலான வேதியியலுக்குக் கம்ப்யூட்டர் மாதிரிகள் உருவாக்கியதற்காக லெவிட், வார்ஷெல், மார்ட்டின் கார்ப்ளஸ் மூவரும் 2013-ல் நோபல் வாங்கினார்கள்.

இன்னும் சுருக்க முடியுமா? 1989-ல் கிட் லாவும் கென் டில்லும் முடியும் என்று காட்டினார்கள். 20 வகை மணியெல்லாம் வேண்டாம், இரண்டு போதும். தண்ணீர் பிடிக்காதது கறுப்பு, பிடித்தது வெள்ளை (நிறம் மட்டும் நம்ம வசதிக்கு). ரசத்தில் எண்ணெய்த் துளிகள் ஒன்றையொன்று தேடிப் போய்த் திட்டாகச் சேருமே, அந்த மாதிரி கறுப்பு மணிகள் உள்ளே ஒதுங்கப் பார்க்கும். மாலையைப் புள்ளிக் கோலத்தின் புள்ளிகள் மேல் வைக்கணும், அவ்வளவுதான். 18 மணி மாலையில் கறுப்பு, வெள்ளையை 2,62,144 விதமாகக் கோர்க்கலாம். அத்தனையையும் கம்ப்யூட்டர் அலசியதில், 6,349 வரிசைகளுக்கு மட்டும்தான் 'இதுதான் பெஸ்ட்' என்று ஒரே ஓர் உருவம் இருந்தது. மற்றவை எல்லாம் எந்தப் பக்கம் மடிவதென்று தெரியாத கேஸ்கள். கண்ணை மூடிக்கொண்டு கோர்த்த மாலை புரோட்டீன் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட எளிமையான கணக்கு நான் பார்த்ததில்லை.

'அதான் ஆல்ஃபாஃபோல்ட் வந்துடுச்சே, இன்னும் என்ன கோலம்?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். 2020-ல் கலக்கிய அந்த ஏஐ, வரிசையைக் கொடுத்தால் உருவத்தை அசத்தலாகக் கணிக்கிறது. 2024 வேதியியல் நோபலில் அதற்கும் பங்கு உண்டு. ஆனா அது காட்டுவது ஊர் போய்ச் சேர்ந்த பிறகு எடுத்த போட்டோ. எந்த வழியாகப் போனது, எங்கே மாட்டிக்கொண்டது என்று கேட்டால் சிமுலேஷன் பக்கம்தான் வரணும்.

நீங்களே செய்து பாருங்கள். கட்டம் போட்ட நோட்டு போதும். க என்றால் கறுப்பு, வ என்றால் வெள்ளை:

க வ க வ வ க க வ க வ வ க வ க க வ வ க வ க

20 மணி. ஒரு புள்ளியில் ஒரு மணிதான். அடுத்த மணி மேலே, கீழே, இடம், வலம் மட்டும், குறுக்கே கூடாது. மாலையில் அடுத்தடுத்து இல்லாத இரண்டு கறுப்பு மணிகள் பக்கத்துப் பக்கத்துப் புள்ளியில் வந்தால் 1 மார்க். இந்த மாலையை 33,51,16,620 விதமாக வைக்கலாம். திருப்பியும் கவிழ்த்தும் பார்த்தால் ஒன்றாக இருப்பவற்றைக் கழித்தாலும் 4 கோடிக்கு மேல் மிச்சம்!

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு 1953-ல் வந்த ஒரு விதி கைகொடுக்கும். மாலையைச் சும்மா கொஞ்சம் அசையுங்கள். மார்க் ஏறினாலோ மாறாமல் இருந்தாலோ ஏற்றுக்கொள்ளுங்கள். குறைந்தால் எப்போதாவது மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த 'எப்போதாவது'தான் வெப்பநிலை. அதிகமாக வைத்தால் மாலை அடங்காமல் ஆடிக்கொண்டே இருக்கும், ரொம்பக் குறைத்தால் ஏதாவது ஒரு மடிப்பில் மாட்டிக்கொண்டு வெளியே வராது.

இந்த மாலைக்கு அதிகபட்சம் 9 மார்க். பென்சிலை எடுங்க!