கைக்கருவிகளின் தரம் குன்றுவது ஏன்?

தச்சர், கொல்லர், எந்திரம் பழுது பார்ப்போர் ஆகியோரிடம் உரையாடும்பொழுது ஒரு முறையீட்டை நாம் அடிக்கடி கேட்கிறோம். தந்தையார் காலத்து உளி இன்றும் கூர் மழுங்காமல் உழைக்கிறது; சென்ற ஆண்டு வாங்கிய உளியோ ஒரு வாரத்திலேயே மழுங்கிவிடுகிறது என்பதே அம்முறையீடு. புதிய அரம் விரைவில் வழுக்குகிறது. புதிய ஸ்பானரின் வாய் விரிந்துபோகிறது. புதிய திருப்புளியின் முனை முறுக்கிக்கொள்கிறது. மேலை நாடுகளிலும் இதே குறை பேசப்படுகிறது. அங்குள்ளோர் பலர், தொழிற்சாலைகளைக் கடல் கடந்த நாடுகளுக்கு மாற்றியதே இதற்குக் காரணம் என்கின்றனர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு என்பதைப் பணியாளர்களும் ஆசிரியர்களும் அறிந்திருப்பது நலம்.

முதலில் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். பழங்காலத்துக் கருவிகள் யாவும் சிறந்தவை அல்ல. அன்றும் மட்டமான கருவிகள் விற்கப்பட்டன. அவை உடைந்தும் தேய்ந்தும் எப்போதோ பழைய இரும்போடு போய்விட்டன. நல்லவை மட்டுமே எஞ்சி நின்று, பழைய காலத்தின் சாட்சிகளாக நமக்குத் தோன்றுகின்றன. இதைக் கழித்துப் பார்த்த பின்னரும், முறையீட்டில் ஓரளவு உண்மை எஞ்சியிருக்கவே செய்கிறது.

நல்ல கருவியின் இலக்கணம்

எஃகு என்பது இரும்புடன் சிறிதளவு கார்பன் சேர்ந்த உலோகமாகும். கருவியின் வேலைக்கேற்ப இந்தக் கார்பனின் அளவு மாறும். சுத்திக்கு நூற்றில் ஏறத்தாழ 0.6 பங்கும், அரத்துக்கு ஏறத்தாழ 1.2 பங்கும் கார்பன் உள்ள எஃகு பொருந்தும். ஸ்பானர்களுக்குக் குரோமியம், வனேடியம் ஆகிய உலோகங்கள் சிறிது கலந்த எஃகைப் பயன்படுத்துவர்.

எஃகு நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. அதற்குப் பதமும் ஏற்ற வேண்டும். எஃகை ஏறத்தாழ 800 டிகிரி சென்டிகிரேட் வரை காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ திடீரெனத் தோய்த்தால் அது மிகுந்த கடினத்தை அடைகிறது. ஆனால் அந்நிலையில் அது கண்ணாடியைப்போல் எளிதில் நொறுங்கும். ஆகவே, மறுமுறை 200 முதல் 300 டிகிரி வரை இளஞ்சூடேற்றி அதன் நொறுங்கும் தன்மையைத் தணிக்க வேண்டும். துலக்கிய எஃகின் மேல் இச்சூட்டில் தோன்றும் நிறங்களைக் கொண்டே கொல்லர்கள் பதத்தை அறிவர். ஏறத்தாழ 220 டிகிரியில் வைக்கோலை ஒத்த இளமஞ்சளும், 280 டிகிரியில் ஊதாவும், 300 டிகிரியில் நீலமும் தோன்றும். மஞ்சள் நிலையில் கடினம் மிகுதி. நீல நிலையில் உறுதி மிகுதி. இழைப்புளியின் இரும்புக்கு முன்னதும், அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய கருவிகளுக்குப் பின்னதும் ஏற்றவை.

குறை நுழையும் இடம்

இப்படிகளுள் எதுவும் கருவியின் மேற்பரப்பில் எழுதப்பட்டிருப்பதில்லை. கடையில் கையிலெடுத்துப் பார்ப்பவருக்கு வடிவமும் பளபளப்பும் மட்டுமே தெரியும். பதம் ஏற்றிய ஸ்பானரும் ஏற்றாத ஸ்பானரும் குரோமிய முலாம் பூசியபின் ஒன்றுபோலவே ஒளிரும். ஆகவே, விலையைக் குறைக்க வேண்டிய நெருக்கடி நேரும்போது, உற்பத்தி செய்பவர் முதலில் கைவைப்பது கண்ணுக்குத் தெரியாத படிகளிலேயாம். உலையில் அளவுக்கு மீறிக் கருவிகளை அடுக்குவது, காய்ச்சும் நேரத்தைக் குறைப்பது, கார்பனின் அளவு சீராயில்லாத எஃகை வாங்குவது, கடினச் சோதனையை விட்டுவிடுவது ஆகியவை அவற்றுட் சில.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். காற்றுப் புகும் உலையில் எஃகைக் காய்ச்சினால் அதன் மேற்பரப்பிலுள்ள கார்பன் எரிந்து போகும். அதனால் மெல்லிய மென்தோல் ஒன்று உண்டாகும். பதம் ஏற்றியபின் இத்தோலைச் சாணை பிடித்து நீக்க வேண்டும். நீக்காமல் விற்கப்படும் உளி முதல் நாளிலேயே மழுங்கும். ஆயினும், பலமுறை தீட்டிய பின் அதே உளி நன்றாக உழைக்கத் தொடங்குவதைத் தச்சர்கள் கண்டிருப்பர். தோலுக்கு உள்ளிருந்த நல்ல எஃகு அப்போதுதான் வெளிப்படுகிறது. எனவே புதிய உளியைக் குப்பையில் எறிவதற்கு முன், அதன் முனையைச் சிறிது தேய்த்துவிட்டுப் பார்ப்பது நன்று.

அரம் தரும் பாடம்

நெடுங்காலம் அரத்தின் பற்கள் உளியாலும் சுத்தியாலும் கையினாலேயே வெட்டப்பட்டன. இங்கிலாந்திலுள்ள ஷெஃபீல்டு நகரம் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. எந்திரத்தால் பற்களை வெட்ட முற்பட்டபோது அவை மிகவும் ஒழுங்காக அமைந்தன. அவ்வொழுங்கே குறையாயிற்று. சம இடைவெளியுள்ள பற்கள் உலோகத்தின்மீது அதிர்ந்து கீறல்களை உண்டாக்கின. கையால் வெட்டிய பற்களில் இயல்பாகவே இருந்த சிறு ஏற்றத்தாழ்வு இவ்வதிர்வைத் தடுத்து வந்தது. அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரில் 1864-இல் அரத் தொழிற்சாலையை நிறுவிய வில்லியம் நிக்கல்சன், பற்களின் இடைவெளியைப் படிப்படியாக மாற்றும் எந்திர முறையைக் கையாண்டு இக்குறையைத் தீர்த்தார். எந்திர அரம் உலகெங்கும் பரவிற்று.

இவ்வரலாறு இரண்டு செய்திகளைக் கூறுகிறது. செய்யும் முறை மாறுவதனாலேயே தரம் குன்றுவதில்லை என்பது ஒன்று. கருவியின் சிறப்பு எந்த நுட்பத்தில் அடங்கியிருக்கிறதோ அதை அறிந்து பேணுவோர் இருக்கும் வரையில்தான் அது நிலைக்கும் என்பது மற்றொன்று. தொழிற்சாலையை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும்போது எந்திரங்களைக் கப்பலில் ஏற்றலாம், வரைபடங்களையும் அனுப்பலாம். உலையின் நிறத்தையும் அரத்தின் ஒலியையும் முப்பது ஆண்டுகள் கண்டும் கேட்டும் பழகிய தொழிலாளியின் அறிவை அவ்வாறு எளிதில் அனுப்ப முடியாது.

ஒரு சிற்றூரின் அனுபவம்

பற்றிய பொருளை விடாமல் பூட்டிக்கொள்ளும் குறட்டை வைஸ் கிரிப் என்னும் வணிகப் பெயரால் பலர் அறிவர். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் டிவிட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த வில்லியம் பீட்டர்சன் என்ற கொல்லர் இதை அமைத்தார். டென்மார்க்கிலிருந்து குடியேறியவர் அவர். பூட்டும் நெம்புகோலுடன் கூடிய குறட்டுக்கு 1924-இல் காப்புரிமை பெற்றார். அவ்வூரில் வளர்ந்த தொழிற்சாலை 2008-இல் மூடப்பட்டு, உற்பத்தி சீனாவுக்கு மாற்றப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். பின்னர் வேறொரு நிறுவனம் அதே ஊரில் இவ்வகைக் குறடுகளைச் செய்யத் தொடங்கியது. ஆனால் 2024-இல் அம்முயற்சியும் நின்றுபோயிற்று. கலைந்துபோன தொழிலை மீட்டும் நிறுவுவது எத்துணை அரிது என்பதற்கு இதுவே சான்று.

நாட்டின் பெயர் அளவுகோலாகுமா?

அப்படியாயின், குறிப்பிட்ட நாடுகளில் செய்யப்படுபவை யாவும் மட்டமானவை என்று முடிவு கட்டலாமா? கட்டலாகாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியச் சரக்கு என்றாலே மலிவுச் சரக்கு என்று ஏளனம் செய்தவர் பலர். சில பத்தாண்டுகளில் ஜப்பான் தரத்துக்கே பெயர் பெற்ற நாடாயிற்று. தைவானின் கைக்கருவித் தொழிலும் மலிவு நிலையிலிருந்து உயர்ந்து, இன்று உயர்தரக் கருவிகளை உலகுக்கு அளித்து வருகிறது.

மேலும், மேலை நாட்டார் கடல் கடந்த உற்பத்தி என்று சொல்லும்போது அதில் நாமும் அடங்குவோம் என்பதை மறக்கலாகாது. பஞ்சாபிலுள்ள ஜலந்தர், லூதியானா ஆகிய நகரங்களும், இராஜஸ்தானிலுள்ள நாகௌரும் நம் நாட்டுக் கைக்கருவித் தொழிலின் நிலைக்களங்கள். அங்கு செய்யப்படும் ஸ்பானர்களும் குறடுகளும் ஏற்றுமதியாகி, வெளிநாட்டு நிறுவனங்களின் பெயர் தாங்கியும் விற்கப்படுகின்றன. ஒரே பட்டறை, கேட்பவர் கடுமையான நிபந்தனை விதித்தால் சிறந்த கருவியையும், விலையை மட்டுமே பேசினால் மட்டமான கருவியையும் செய்து தரும் ஆற்றலுடையது. தரத்தைத் தீர்மானிப்பது நாட்டின் பெயர் அன்று. வாங்குவோர் விதிக்கும் நிபந்தனையும், அதைச் சோதித்துப் பார்க்கும் கண்டிப்புமே ஆகும்.

இத்தொழிலுக்கு உதவும் பொருட்டு ஜலந்தரில் 1983-இல் மத்திய கைக்கருவி நிலையம் நிறுவப்பட்டது. பதம் ஏற்றுதல், சோதனை, பயிற்சி ஆகியவற்றில் அது உதவுகிறது. 1947-இல் தோன்றிய இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1987-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாறியது. எஃகுச் சுத்திகளுக்கு ஐ.எஸ். 841, திறந்த வாய் ஸ்பானர்களுக்கு ஐ.எஸ். 2028, வளைய ஸ்பானர்களுக்கு ஐ.எஸ். 2029 என்று தனித்தனித் தர விதிகள் உள்ளன. விலைப்புள்ளி கோரும்போது “நல்ல தரமான ஸ்பானர்” என்று மட்டும் எழுதுவது பயனற்றது. விதியின் எண்ணைக் குறிப்பிட்டு, மாதிரியைச் சோதித்தபின் ஏற்பதாகவும் எழுத வேண்டும்.

எளிய சோதனைகள்

ஆய்வுக்கூடம் இல்லாத இடத்திலும் சில சோதனைகளைச் செய்யலாம்.

1. நன்கு வெட்டும் அரம் ஒன்றைக் கருவியின் மறைவான பகுதியில் இலேசாக ஓட்டுக. அரம் வழுக்கினால் கருவி மிகக் கடினமானது. எளிதில் கடித்தால் மென்மையானது. உளியின் முனையில் அரம் வழுக்க வேண்டும். ஸ்பானரில் அது ஓரளவு கடிப்பது இயல்பு.

2. புதிய அரத்தை நூலில் தொங்கவிட்டுத் தட்டுக. தெளிவான மணியோசை எழ வேண்டும். ஓசை மந்தமாயிருந்தால் வெடிப்பு இருக்கலாம்.

3. குறட்டின் வாயை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க. வெட்டும் விளிம்புகளுக்கிடையே ஒளி தெரியலாகாது. அது மெல்லிய தாளைப் பிசிறின்றி வெட்ட வேண்டும்.

4. சுத்தியின் கைப்பிடி மரத்தில் இழைகள் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பிடி முறிந்து தலை பறக்கும்.

5. சாணைக்கல் இருந்தால் தீப்பொறிகளை நோக்குக. கார்பன் மிகுந்த எஃகின் பொறிகள் பூப்போல் பலவாகக் கிளைத்து வெடிக்கும். மென்னிரும்பின் பொறிகள் நீண்ட கோடுகளாய்ச் சென்று மறையும்.

கடைசிச் சோதனையின்போது கண்ணாடிக் கவசம் அணிதல் இன்றியமையாதது. கருவியின் தரம் பணத்தை மட்டும் பொறுத்ததன்று. பதம் தணிக்காத சுத்தியின் முகத்திலிருந்து தெறிக்கும் சில்லு ஒரு மாணவனின் கண்ணைப் பறிக்கக்கூடும். மென்மையான உளியின் தலை காளான்போல் விரிந்து, அதன் விளிம்புத் துண்டு பறக்கக்கூடும். அத்தகைய தலையை உடனே சாணை பிடித்துச் சீராக்க வேண்டும்.

சிக்கனம் எது?

நூறு ரூபாய்க்கு வாங்கிய உளி ஓராண்டு உழைப்பதாகவும், இருநூற்றைம்பது ரூபாய் உளி எட்டாண்டுகள் உழைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். எட்டாண்டுக் காலத்தில் முதலாவதற்கு எண்ணூறு ரூபாய் செலவாகும். மலிவு என்று நாம் எண்ணியது மும்மடங்குக்கு மேல் விலையுயர்ந்ததாக முடிகிறது. பாழாகும் மரமும் வீணாகும் நேரமும் இக்கணக்கில் சேரவில்லை.

2023-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டத்தின்கீழ், கைவினைஞர்களுக்குக் கருவித் தொகுப்பு வாங்க ரூ. 15,000 வரை உதவி அளிக்க வழி செய்யப்பட்டது. இத்தகைய தொகை ஒரு குடும்பத்தின் பிழைப்புக்கு முதலாகும். அது முலாம் பூசிய மென்னிரும்பாக மாறிப் போவதும், இருபது ஆண்டுகள் உழைக்கும் கருவியாக நிலைப்பதும் தேர்ந்தெடுப்பவரின் அறிவைப் பொறுத்தது. அங்கே பணியாளர் கூறும் ஒரு சொல் பெரும் பயன் தரும். ஆசிரியர்களும் ஒரு மட்டமான உளியையும் ஒரு நல்ல உளியையும் மாணவர் முன் வைத்து, அரத்தை ஓட்டிக் காட்டுவார்களாக. வாங்குவோர் சோதிக்கத் தெரிந்தவராயிருந்தால், விற்போரும் செய்வோரும் தரத்தைப் பேணியே ஆக வேண்டும்.