அத்திப்பட்டு நிலக்கரியில் கங்காருவின் சொந்தக்காரன் கிடைப்பானா?

பைப்பாலூட்டி (வளர்ச்சி முற்றாத குட்டியை ஈன்று, பெரும்பாலும் வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும் விலங்கு) என்றால் ஆஸ்திரேலியாவும் கங்காருவும்தான் நினைவுக்கு வரும். இன்று இந்தியக் காடுகளில் அந்த இனம் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது.

எங்கே? குஜராத்தின் சூரத் மாவட்டத்தில், வஸ்தான் சுரங்கத்தில். அங்கே பழுப்பு நிலக்கரி தோண்டி, அருகிலுள்ள மின்நிலையத்தில் எரித்தார்கள். அந்தச் சுரங்கக் களிமண்ணில் சுமார் 5.4 கோடி ஆண்டுப் பழைய பற்கள் கிடைத்தன. 2005-இல் தொல்லுயிரியலாளர் சுனில் பாஜ்பாய் குழுவினர் அந்த விலங்குக்கு இண்டோடெல்ஃபிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

எவ்வளவு பெரியது? பெரிதாக எண்ண வேண்டாம், சுண்டெலி போன்ற சிறு பிராணி. பல் கடுகளவு. களிமண்ணை ஊறவைத்துச் சல்லடையில் அலசி, மிஞ்சியதை நுண்ணோக்கியில் பார்த்துப் பொறுக்குகிறார்கள்.

பல்லைப் பார்த்துப் பை இருந்ததென்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது. பை தோல், மட்கிவிடும். கடைவாய்ப் பல்லின் மேடுபள்ளங்கள் இனத்தை மட்டும் காட்டும்.

நம் வீட்டுப் பெருச்சாளிக்கும் இதற்கும் உறவு உண்டா? இல்லை, அது எலிதான். ஆனால் அதன் தெலுங்குப் பெயரான 'பந்திகொக்கு' ஆங்கிலத்தில் பாண்டிகூட் ஆகி, ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டி ஒன்றின் தலையில் ஏறிவிட்டது!

அப்படியானால் சென்னையை அடுத்த எண்ணூர் துறைமுகத்தில் இறங்கி அத்திப்பட்டு மின்நிலையத்துக்கு வரும் கரியில் தேடலாமா? வேண்டாம். அங்கே வரும் ஒடிசாவின் தால்சர் கரி 25 கோடி ஆண்டுக்கும் பழையது. அப்போது பாலூட்டிகளே தோன்றவில்லை. கரியோடு வரும் தட்டைக் கல்லில் குளோசாப்டெரிஸ் (அழிந்துபோன மரவகை) இலையின் அச்சு இருக்கலாம், நாக்கு வடிவில், நடு நரம்போடு. அதற்காகக் கரி யார்டுக்குள்ளோ கன்வேயர் பெல்ட் அருகிலோ போகாதீர்கள். எந்த அடுக்கிலிருந்து வந்ததென்று தெரியாத கல்லால் ஆய்வாளருக்குப் பயன் குறைவு. பள்ளிக் கண்காட்சிக்கு அது போதும்.

அத்திப்பட்டுப் பக்கம் கிணறு தோண்டும்போது வரும் கிளிஞ்சல்? கடல் முன்பு உள்ளே இருந்ததன் அடையாளம். சில ஆயிரம் ஆண்டுப் பழசுதான்.

வேறெங்காவது எலும்போ பல்லோ கல்லாகிக் கிடந்தால் கழுவாதீர்கள், உடைக்காதீர்கள், வார்னிஷ் பூசாதீர்கள். எடுக்கும் முன்பே, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படமெடுங்கள். இடம், ஆழம், தேதி குறியுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் புவியியல் பிரிவிலோ, கிண்டியிலுள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அலுவலகத்திலோ படத்தை முதலில் காட்டுங்கள்.