கவட்டில் உறங்கும் மொட்டு

இலங்கையில் ஓப்பநாயக்கப் பக்கம் மாணிக்கக் குழி வெட்டுகிறவர்கள், உள்ளே இறப்பர்க் கம்புகளை முட்டுக்கொடுத்துவிட்டு, கம்புக்கும் மண்சுவருக்கும் நடுவே ஒரு பன்னச்செடியைக் கத்தை கத்தையாகத் திணிப்பார்கள். தண்ணீர் கசிந்து வடியும், மண் நின்றுவிடும். சிங்களத்தில் அதன் பெயர் கெகில்ல. தேயிலை மலைகளில் வெட்டிய கரைகளிலும், மண் சரிந்து வெறுமையான இடங்களிலும் ஆள் நுழைய முடியாமல் பின்னிக் கிடப்பதும் இதுதான்.

ஒன்றை ஒடித்துப் பாருங்கள். கம்பி மாதிரி இருக்கும், கை கீறும். மலாய்க்காரர்கள் 'றெசாம்' என்னும் இதே தண்டைச் சீவி எழுதுகோலாக்கினார்கள். தண்டு நேரே வந்து இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகிறது. கவட்டுக்குள் கூர்ந்து பார்த்தால், மயிர் போர்த்த ஒரு சிறு மொட்டு.

சூட்சுமம் அங்கேதான். கிளைகள் என்று நாம் நினைப்பதெல்லாம் சேர்ந்து ஒரே ஓர் இலை. உண்மையான தண்டு மண்ணில் கிடையாக ஓடும் வேர்த்தண்டுக்கிழங்கு. பெரும்பாலான பன்னங்களில் சுருள் விரிந்ததும் இலையின் வளர்ச்சி முடிந்துவிடும். கெகில்லவின் மொட்டோ உறங்கிக் கிடக்கும். விழித்தால் அதே இலை மேலும் நீளும். அப்படியே பக்கத்துச் செடிமேல் சாய்ந்து பல மீற்றர் ஏறிவிடும்.

1768இல் தாவரவியலாளர் பர்மன் இதைப் பொலிப்போடியம் என்ற பேரினத்தில் போட்டார். அந்தக் காலத்தில் பல பன்னங்களை அதற்குள்தான் போட்டார்கள். 1907இல் அண்டர்வுட் டைக்ரனோப்டெரிஸுக்கு மாற்றினார். கிரேக்கத்தில் அதற்கு 'இருகவட்டுப் பன்னம்' என்று பொருள். குடும்பம் கிளைகெனியேசி, நுண்ணோக்கியோடு வாழ்ந்த கிளைகென் என்ற ஜேர்மன் பிரபுவின் பெயரால் வந்தது. தமிழில் எழுதும்போது முதலில் 'கிளை' வருவது தற்செயல், ஆனால் பொருத்தம். 2016ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி இக்குடும்பத்தில் ஆறு பேரினங்கள்.

கவட்டை மட்டும் பார்த்தால் இனம் பிரிக்க முடியாது, உறவுக்காரர்களுக்கும் கவடு உண்டு. கிழங்கைத் தோண்டவேண்டும். கிளைகெனியா, ஸ்ரிக்கெரஸ் போன்றவற்றின் கிழங்கில் செதில். கெகில்லவுக்கு வெறும் மயிர். சந்தேகம் தீராவிட்டால் இலையை வெயிலுக்கு நேரே பிடியுங்கள்: ஸ்ரிக்கெரஸில் நரம்பு ஒருமுறைதான் பிரியும், இதில் பலமுறை. இலையின் அடியில் உள்ள பொட்டுகளுக்கு மூடி இல்லை. ஒரு பொட்டில் பத்துப் பன்னிரண்டு வித்திக்கலன்கள் இருக்கும்.

தென்சீனத்து அருமண் சுரங்கங்களைச் சுற்றி வளரும் கெகில்ல, லந்தனம் போன்ற உலோகங்களை மண்ணிலிருந்து உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கிறது. அங்கே ஆய்வாளர்கள் வெட்டி எடுத்துப்போய்ச் சோதிக்கும் இலையைத்தான் இங்கே கட்டுக்கட்டாகக் குழிக்குள் இறக்குகிறார்கள்.